அடுத்த அறையின் ஒற்றை ஸ்வரம்

பிளாஸ்டர் ஊற்றும்போது திரும்பிப் பார்க்க முடியாது. அச்சை அதிர்வுத் தட்டின்மேல் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒவ்வொரு பல்லின் குழியிலும் அது தானாக வழிந்து இறங்கும்வரை கை பதறக் கூடாது. அவசரப்பட்டால் உள்ளே காற்று தங்கிவிடும். பல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழும். அதனால் மைத்துனன் லேப்புக்குள் வந்து தன் பின்னால் நின்றதைப் பல்செட்காரர் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

“வா மச்சான், உட்காரு. கை வேலையா இருக்கு.”

“உட்கார வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பாட்டெல்லாம் வெளிய வரட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா என்னை அதுல இருந்து எடுத்துடுங்க அத்தான்.”

“பேரையா?”

“பேரு எவனுக்கு வேணும்? என்னை. நான் வாசிச்சதை. ஒண்ணு விடாம.”

“அது எப்படிடா முடியும்?”

“அது உங்க பாடு. நீங்கதானே ரெக்கார்டிங் இன்ஜினியர்.”

மாவு இறங்கி முடிந்து அவர் திரும்பியபோது ஆளைக் காணோம். கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மனைவியின் தம்பி அவரிடம் பேசுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மறுபடி பேச வந்தவன் முதுகிடம் பேசிவிட்டுப் போய்விட்டான். கோபமாக வந்தானா, சமாதானமாக வந்தானா என்று முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று அவர் அன்று மாலைவரை நினைத்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

பல்செட்காரரின் லேப், ஒரு பல் மருத்துவமனையின் பின்புறம் ஜெனரேட்டர் வைப்பதற்காகக் கட்டிய அறை. நோயாளிகள் அந்தப் பக்கம் வருவதில்லை. அவர்களுடைய வாயின் அச்சுகள் மட்டும் தட்டில் வரும். அவர் அவற்றுக்குப் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, வேகவைத்து, ராவி, பாலிஷ் போட்டு அனுப்புவார். தன் கையால் செய்த பல்லோடு யாராவது சிரித்து அவர் பார்த்ததில்லை. அதைப் பற்றிக் குறையும் இல்லை. குறையில்லாத மனிதர் என்று சொல்லலாம். அது எந்த அளவுக்குக் குணம், எந்த அளவுக்குச் சோம்பல் என்று அவர் மனைவிக்கே இன்னும் பிடிபடவில்லை.

வார இறுதிகளில் அவர் ஒரு ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தார். குழுவின் பெயர் ‘மெதுவா’. ராக் குழுவுக்கு இப்படி ஒரு பெயரை யாரும் யோசித்து வைப்பதில்லை. அவர்கள் வாசிக்கத் தொடங்கினால் கீழ்வீட்டுக்காரர், எதிர்வீட்டு அம்மாள், தூங்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண், மனைவி, எல்லோரும் சொன்னது அந்த ஒரே சொல்லைத்தான். கேட்டுக் கேட்டு அது பெயராகவே நின்றுவிட்டது. மூன்று பேர்தான் குழு. டிரம்ஸுக்கு இவர், குழுவில் ‘பல்லு’. கிட்டாருக்கும் பாட்டுக்கும் ‘தொண்டை’ என்று கூப்பிடப்படும் நண்பர், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர், பகலெல்லாம் “பிரேக்! பிரேக்!” என்று கத்தியே குரலுக்கு ஒரு சொரசொரப்பை ஏற்றிக்கொண்டவர். தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பேஸ் கிட்டாருக்கு மைத்துனன்.

ஸ்டுடியோவுக்குப் போகும் வசதி அவர்களுக்கு இல்லை. ஒரு மைக்கும் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றும் இருந்தன. மைக்கைத் துணி மாட்டும் ஹேங்கரில் கட்டி, முன்னறையின் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். ஒரே மைக் என்பதால் யார் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைத் தூரம்தான் முடிவு செய்தது. தொண்டை மைக்குக்கு அடியில். அவருடைய கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி துணி அலமாரிக்குள், சட்டைகளுக்கு நடுவில். பல்செட்காரர் குளியலறை வாசலில்; சின்ன டிரம்மின் மேல் துண்டு போட்டு, பெரிய டிரம்முக்குப் பதில் ஒரு சூட்கேஸை மிதித்துக்கொண்டு. பேஸ் எங்கே வைத்தாலும் மற்ற எல்லாவற்றையும் முழுங்கியது. அதனால் அதையும் மைத்துனனையும் அடுத்த அறையில் வைத்துக் கதவை மூடினார்கள். தாழ்ந்த ஓசை சுவரைத் தாண்டி எப்படியும் வந்துவிடும்.

அடுத்த அறை என்றால் சாமான் போடும் அறை. ஜன்னல் இல்லை. அதன் விளக்குக்கான சுவிட்ச் வெளியே முன்னறைச் சுவரில் இருந்தது. கட்டியவனின் தவறு இவர்களுக்கு வசதியாகப் போயிற்று: சுவிட்சைப் போட்டால் மைத்துனன் வாசிக்கத் தொடங்க வேண்டும், அணைத்தால் நிறுத்த வேண்டும். அதுவரை அவன் இருட்டில், இஸ்திரி மேசைக்கும் உடைந்த தொட்டிலுக்கும் இடையில், உட்கார்ந்திருக்க வேண்டும்.

“பல்பு எரிஞ்சா வாசி, அணைஞ்சா நிறுத்து. நான் என்ன மோட்டாரா?” என்று அவன் கேட்டபோது முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கடைசியில் அவன் மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். அதை மற்ற இருவரும் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “எனக்கும் முன்னறையில ஒரு மூலை குடுங்க” என்றான். “நீ உள்ள இருந்தாத்தான்டா பாட்டு நல்லா வருது” என்றார் தொண்டை. பாராட்டாகத்தான் சொன்னார். மைத்துனன் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அதோடு அக்கா வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். பேஸின் ஒலிபெருக்கிப் பெட்டியைக்கூட எடுத்துப்போகவில்லை.

இப்போது ஒரு சின்ன வெளியீட்டாளருக்கு அந்தப் பழைய டேப்புகள் கிடைத்திருந்தன. வீட்டிலிருந்தபடி தன்னந்தனியாக இசை வெளியிடும் ஓர் இளம்பெண். “திரும்பப் பதிவு பண்ணவே பண்ணாதீங்க. இப்படியே வேணும். குளியலறை எதிரொலியோட” என்றாள். வாசித்த எல்லோரும் சம்மதம் சொல்ல வேண்டும் என்றாள். அதைத் தொண்டை மைத்துனனுக்குச் சொல்லியனுப்பினார். கூடவே, “அந்த ஒரு பாட்டுல கீழ ஒரே ஸ்வரம் கடைசிவரைக்கும் நிக்குதே, அசையாம, அதை வாசிச்சது யாரு? அவ்வளவு தைரியம் நான் யார்கிட்டயும் கேட்டதில்ல” என்றாள்.

பாட்டுகளைப் பற்றி உள்ளபடி சொன்னால், பெரும்பாலானவை சுமார். தொண்டைக்குச் சொல்ல விஷயம் குறைவு, சொல்லும் ஆசை அதிகம். ஆனால் அவள் குறிப்பிட்ட பாட்டு நல்ல பாட்டு. வீட்டின் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பற்றியது. மேலே கிட்டார் அலைபாய்கிறது, குரல் தயங்குகிறது. அடியில் ஒரே ஓசை, தரையைப்போல. அதைக் கேட்பவர் யாராயிருந்தாலும் முதலில் தரையைத்தான் பாராட்டுவார்கள். குழுவிலும் அப்படித்தான். “மச்சான் ஒரே ஸ்வரத்துல உட்கார்ந்துட்டான் பாரு!” என்று அன்றே முதுகில் தட்டினார்கள்.

மைத்துனன் சொன்னதை அவர் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எடுக்க முடியுமா?”

“பாக்கணும்.”

“எடுத்துட்டா?”

“அவன் கேட்டது நடந்துடும். கோவம் தணியும்.”

“உங்களுக்கு அவனை ஒண்ணும் தெரியல” என்றாள் மனைவி. “அவன் எடுங்கன்னு சொல்றது, எடுக்கறீங்களான்னு பாக்கறதுக்கு. எடுத்துட்டீங்கன்னா இந்த வாசலை இனிமே மிதிக்க மாட்டான். எனக்கு இருக்கறது ஒரு தம்பி.”

“எடுக்கலன்னா?”

“எடுக்கலன்னா, சொல்லியும் கேக்கலன்னு மிதிக்க மாட்டான்.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“அது எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் பேசிக்கிட்டிருக்கேன்?”

எடுப்பதா வேண்டாமா என்று தெரியாத நிலையில், எடுக்க முடியுமா என்றாவது பார்க்கலாம் என்று அவர் தொடங்கினார். டேப்புகளை முன்பே கணினியில் ஏற்றி வைத்திருந்தார். தாழ்ந்த ஒலிகளை மட்டும் வெட்டும் வசதி அதில் இருந்தது. வெட்டினார். பேஸ் போயிற்று, கூடவே அவருடைய சூட்கேஸும் போயிற்று. தொண்டையின் குரலில் நெஞ்சு போய் மூக்கு மிஞ்சியது. அது மட்டுமில்லை. பேஸ் அதிரும்போது சுவருக்கு இந்தப் பக்கம் சின்ன டிரம்மின் அடித்தோலில் கட்டியிருக்கும் கம்பிகள் கூடவே கிர்ர்ரென்று நடுங்கும். பேஸை வெட்டிய பிறகும் அந்த நடுக்கம் அப்படியே இருந்தது. மைத்துனன் வாசித்த ஒவ்வொரு ஸ்வரமும், அவன் இல்லாமலே, இவருடைய டிரம்மில் எழுதியிருந்தது. அதையும் எடுத்தால் தன்னையே எடுக்க வேண்டும். தன்னை எடுத்தால், தன் அடியைக் கேட்டுத் தன் வேகத்தை வைத்துக்கொண்ட தொண்டையை எங்கே நிறுத்துவது?

ஒருவரை ஓரிடத்திலிருந்து நீக்க வேண்டுமென்றால் அவர் எங்கே முடிகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு அந்த எல்லை எங்கேயும் அகப்படவில்லை. பாட்டு பாட்டாகப் போனார். எல்லாப் பாட்டிலும் இதே கதை. சாவி பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். அதில் வெட்டியதும் அந்த ஒற்றை ஸ்வரம் முழுதாக, சுத்தமாக, வேரோடு வந்துவிட்டது. டிரம் கம்பிகளில் நடுக்கம் இல்லை. சூட்கேஸ் சூட்கேஸாகவே இருந்தது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. சுலபமாக வந்த அச்சை அவர் தொழிலில் நம்புவதில்லை. வெட்டி எடுத்த ஒலியை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டார். ஸ்வரம் ஒன்று தொடங்கினால் விரல் படும் ஒரு ‘டக்’ இருக்க வேண்டும். இல்லை. இழுத்து வாசித்தால் மெல்ல ஓய வேண்டும். ஓயவில்லை. பாட்டு தொடங்கும் முன்பே அது இருந்தது. பாட்டு முடிந்து தொண்டை இருமும்போதும் இருந்தது.

சாமான் அறைக்குப் போய்த் தூசி படிந்த பேஸ் பெட்டியைத் தட்டிவிட்டு மின்சாரத்தில் செருகினார். தொண்டை விட்டுப்போயிருந்த பழைய கிட்டார் ஒன்றை அதில் இணைத்தார். கம்பிகளைத் தொட்டார், பெட்டி அமைதியாக இருந்தது. கையை எடுத்தார், ம்ம்ம் என்று ஒரு தாழ்ந்த ரீங்காரம் எழுந்தது. தொட்டார், அடங்கியது. எடுத்தார், எழுந்தது. எர்த் சரியில்லாத பெட்டி.

“சாவி பாட்டா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

அந்தப் பெட்டியில் அந்த ஓசை வர வேண்டுமென்றால் வாசிப்பவன் கம்பியில் கை வைத்திருக்கக் கூடாது. எல்லோரும் மெச்சிய அந்த அசையாத ஸ்வரம், மைத்துனன் வாசிக்காமல் இருந்த சத்தம்.

பிறகு அவர் விசாரிக்கத் தொடங்கினார். விசாரித்திருக்க வேண்டாம் என்று சொல்வது சுலபம். தொண்டைக்குப் போன் போட்டார். எதிர்முனையில் யாரோ கியர் மாற்றத் திணறிக்கொண்டிருந்தார்கள்.

“சாவி பாட்டு அன்னைக்கு சுவிட்ச் போட்டியா?”

“போட்டேன். கிளட்சை விடாதீங்கம்மா! நல்லா ஞாபகம் இருக்கு பல்லு, நான்தான் போட்டேன்.”

“உள்ள லைட் எரிஞ்சுதா?”

“கதவு மூடியிருந்துச்சே, எனக்கு எப்படித் தெரியும்? சுவிட்சைப் போட்டா எரியாதா? பிரேக்! அம்மா, பிரேக்குன்னா நடுவுல இருக்கறது!”

மனைவியிடம் கேட்டார். அந்த அறையின் பல்பு அந்தச் சமயத்தில் ஒருநாள் ஃபியூஸ் போயிருந்தது, தானே வேறு மாற்றியது நினைவிருக்கிறது என்றாள். அது சாவி பாட்டுக்கு மறுநாளா, முந்தின வாரமா என்று தெரியவில்லை. சிறிது யோசித்து, அந்த மதியம் தம்பி சமையலறையில் தன்னோடு நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்ததாகவும் ஞாபகம் வருகிறது என்றாள். சமையலறைக்கு வர முன்னறையைத் தாண்டித்தான் வர வேண்டும். மைக் முன்னால் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அவன் எப்படி வந்திருக்க முடியும்? “அதானே” என்றாள் அவளும். “ஆனா பிஸ்கட் தின்னான்.”

ஒரே வீட்டில், ஒரே மதியத்தில், நான்கு சுவருக்குள் நடந்த விஷயம். அவர் அந்த இடத்தில் இருந்தவர். அவருக்கே நினைவிருப்பது துண்டுக்கு அடியில் டிரம் வழுக்கிக்கொண்டே இருந்ததும், அதைக் கால் முட்டியால் முட்டுக்கொடுத்ததும்தான்.

“அவன்கிட்ட சொல்லாதீங்க” என்றாள் மனைவி. “அந்தப் பாட்டை வெச்சுத்தான் அவன் தன்னை ஒரு ஆளா நெனைச்சிருக்கான். உடைஞ்சு போயிடுவான்.”

“சொல்ல மாட்டேன்” என்றார். சொல்லாமல் எப்படியாவது அவனை வீட்டுக்கு வரவழைப்பதுதான் அவர் எண்ணம். எப்படி என்று தெரியாமலேதான் அவன் வேலை பார்த்த மெத்தைக் கடைக்குப் போனார்.

மெத்தைக் கடைக்குள் நுழைந்ததும் காது அடைத்ததுபோல் இருந்தது. சுற்றிலும் பஞ்சும் ஸ்பிரிங்கும் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. மைத்துனன் ஒரு பெரிய மெத்தையின் பிளாஸ்டிக் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் முகம் மாறியது. எப்படி மாறியது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“படுங்க” என்றான்.

“என்னது?”

“மேனேஜர் பாக்குறார். சும்மா நின்னு பேசினா திட்டு விழும். வாங்க வந்த ஆளு மாதிரி படுங்க அத்தான்.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் மல்லாந்து படுத்தார். பிளாஸ்டிக் முனகியது. மைத்துனனும் பக்கத்தில், விற்பனையாளன் உட்காரும் மரியாதையான தூரத்தில், ஒரு ஓரமாகச் சாய்ந்தான்.

“எடுத்தாச்சா?”

“பாத்துட்டேன் மச்சான். வராது. உன்னை இழுத்தா நான் வரேன், என்னை இழுத்தா தொண்டை வரான். மூணு பேரும் ஒட்டிக்கிட்டிருக்கோம்.”

“இப்ப ஒட்டிக்கிட்டு இருக்கோமாக்கும்? நடுவுல சுவரை வெச்சுட்டு.” பிறகு மேனேஜர் கடந்துபோனார், குரல் உயர்ந்தது. “இது ரெண்டு பக்கமும் போடலாம் சார். திருப்பிப் போட்டீங்கன்னா குளிர்ச்சி.”

“விலை?” என்றார் பல்செட்காரர், கூரையைப் பார்த்தபடி.

“விலையெல்லாம் பேசிக்கலாம் சார்.” மேனேஜர் போய்விட்டார். “சரி. வராதுன்னா மத்ததெல்லாம் இருக்கட்டும். சாவி பாட்டுல இருந்து மட்டுமாவது என்னை எடுங்க. அது தனியாத்தானே நிக்குது. அது கண்டிப்பா வரும்.”

“அது ஏன்டா குறிப்பா?”

“அதுதான் என் வாழ்க்கையில நான் நல்லா வாசிச்ச ஒரே வாசிப்பு. அதை இருட்டுல, தொட்டிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சேன். நீங்க ரெண்டு பேரும் என் முகத்தைக்கூடப் பாக்கல. அதை உங்களுக்குக் குடுக்க மாட்டேன்.”

பல்செட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவன் கேட்டதைச் செய்வது இப்போது மிகவும் சுலபம். ஒரு பொத்தான். பாட்டு தரையில்லாமல் தொங்கும். அவன் தன் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக நம்பி, வாழ்நாள் முழுக்க விலகி நிற்பான். மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் அவளுடைய தம்பி போய்விடுவான்.

“அதுல நீ இல்லடா” என்றார்.

“என்ன?”

“அந்த ஸ்வரம் நீ வாசிச்சது இல்ல. அது பெட்டியோட இரைச்சல். கம்பியில கை இருந்தா அது வராது.”

மைத்துனன் எழுந்து உட்கார்ந்தான். மெத்தையின் இந்தப் பக்கம் அவர் லேசாக மேலே வந்தார்.

“வாசிச்சேன் அத்தான். எனக்குத் தெரியாதா? தரையெல்லாம் அதிர்ந்துச்சு. விரல் வலிச்சுது.”

“பல்பு எரிஞ்சுதா?”

“கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சேன்.”

“அப்ப எப்ப தொடங்கினே?”

அவன் பிளாஸ்டிக் உறையின் மடிப்பை நீவிவிட்டான். “தொடங்கினேன்” என்றான். “எப்படியோ தொடங்கினேன். தொடங்காம எப்படி வாசிப்பாங்க?”

“வந்து கேட்டுப் பாரு.”

“என்னை ஏமாத்தி வீட்டுக்குக் கூப்பிடறீங்க. அக்கா சொல்லிக் குடுத்தாளா?”

“உங்க அக்கா சொல்லாதேன்னுதான் சொன்னா.”

அது அவனை எதனாலோ நம்பவைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வந்தான். பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டியிருந்தான். அக்காவைப் பார்த்து, “இளைச்சுட்டே” என்றான். “நீ பெருத்துட்டே” என்றாள் அவள். பல்செட்காரர் பேஸ் பெட்டியை முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சாவி பாட்டைக் கேட்டார்கள். பிறகு வெட்டி எடுத்த ஓசையைத் தனியாகக் கேட்டார்கள். மைத்துனன் தன் கிட்டாரை இணைத்து மடியில் வைத்துக்கொண்டான். கையை வைத்தான், எடுத்தான். வைத்தான், எடுத்தான். அதே ஓசை, அதே உயரம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் பொருந்தியது.

அவன் கிட்டாரை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான்.

“அப்ப நான் எங்க இருந்தேன்?”

“ரூம்லதான்.”

“என்ன பண்ணிக்கிட்டு?”

“கதவு மூடியிருந்துச்சே, எனக்கு எப்படித் தெரியும்?”

“பிஸ்கட்...” என்று தொடங்கினாள் அக்கா. பல்செட்காரர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

“இதை மனசுல வெச்சுத்தானே அத்தான் உங்க மேல இவ்வளவு நாள் கோவமா இருந்தேன்?” என்றான் மைத்துனன். “இது இல்லன்னா அந்தக் கோவத்தை என்ன பண்றது?”

அவமானம் அடுத்த அறையில் வைத்ததா, அல்லது அடுத்த அறையில் வைத்து நல்லதை வாங்கிக்கொண்டதா? இரண்டாவது இல்லையென்று ஆகிவிட்டால் முதலாவது பாதியாகுமா, இரட்டிப்பாகுமா? கோபத்துக்கு இப்படிக் கணக்குப் போட முடியுமென்றால் உறவுகளில் பாதிக் குழப்பம் இருக்காது.

“சரி, அதுல இருந்து எடுக்க வேண்டாம்” என்றான் கடைசியில். “இல்லாத ஆளை எங்க இருந்து எடுப்பீங்க? விடுங்க.”

“மத்தது?”

“மத்ததுல சுமாராத்தான் வாசிச்சிருக்கேன். இருந்துட்டுப் போகட்டும்.”

“அந்தப் பொண்ணு கேக்குறாளே, அந்த ஸ்வரம் யாரு வாசிச்சதுன்னு. என்ன சொல்ல?”

“நான்தான்னு சொல்லுங்க.” கிட்டாரைப் பையில் வைத்துக்கொண்டே யோசித்தான். “வேண்டாம். யாரும் இல்லன்னு சொல்லுங்க.” வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினான். “யாரும் இல்லன்னா நம்புவாளா?”

“தெரியலயே.”

“சாப்பிட்டுட்டுப் போடா” என்றாள் அக்கா. கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அன்று கடைக்கு விடுமுறை என்பது மூவருக்கும் தெரியும்.

“கோவமாப் போறானா?” என்று மனைவி கேட்டாள்.

“இல்லன்னு நெனைக்கிறேன். சிரிச்ச மாதிரி இருந்துச்சு.”

“சிரிக்கல. எனக்கு அவன் சிரிப்பு தெரியும்.”

“அப்ப அழுதானா?”

“அதுவும் இல்ல.” அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல.”

அந்த வாரம் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு மேல்வரிசைப் பல்செட்டில் பற்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டார், டாக்டர் அதைத் திருப்பி அனுப்பினார். வெளியீட்டாளர் பெண் போனில் கேட்டபோது, “அது யாருன்னு இன்னும் முடிவாகல” என்றார். அவள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அதையே அப்படியே போட்டுவிடுகிறேன் என்றாள். அவர் தடுக்கவில்லை. தம்பியைப் பற்றி மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது வீடு முழுக்கக் கேட்டது.

வியாழக்கிழமை அவர் மெழுகில் ஈறு கட்டிக்கொண்டிருந்தபோது மைத்துனனிடமிருந்து போன் வந்தது.

“அத்தான், ஒண்ணு கேக்கணும். கையை ரொம்ப லேசா வெச்சிருந்தா?”

“எதுல?”

“கம்பியிலதான். வாசிக்கிற மாதிரி, ஆனா ரொம்ப மெதுவா. கம்பியில பட்டும் படாம. அப்ப அந்த இரைச்சலும் வரும், நான் வாசிச்சதாவும் இருக்கும் இல்லையா? விரல் வலிச்சுது அத்தான். அது பொய் இல்ல.”

பட்டால் இரைச்சல் அடங்கும், படாவிட்டால் அது வாசிப்பு இல்லை. இது அவருக்குத் தெரியும். கையை வைத்தும் எடுத்தும் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. சொல்வதற்கு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் பட்டும் படாமலும் என்று ஒன்றை அவர் சோதித்துப் பார்க்கவில்லை என்பதும் உண்மைதான். அப்படி ஓர் இடம் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு அகலம்? அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“இருக்கலாம்” என்றார்.

“இருக்கலாம்னா?”

“இருக்கலாம்னா, நான் பாத்தது இல்ல. நேர்ல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

அந்தப் பக்கம் ஒரு மெத்தையின் பிளாஸ்டிக் உறை முனகியது. பிறகு, “ஞாயித்துக்கிழமை வரட்டுமா?” என்றான் மைத்துனன்.

“வா.”

“ஒரே தடவையில தெரிஞ்சுடாது.”

“தெரியாதுதான்.”

“அக்காகிட்ட சாப்பாட்டுக்குச் சொல்லிடுங்க.”

மாலையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“எதுக்கு வரானாம்?”

“சந்தேகமாம்.”

“தீர்த்து வெச்சுடுவீங்களா?”

பல்செட்காரர் சட்டையில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினார்.

“அவசரமா என்ன?” என்றார்.